பெட்ஷீட்டுக்கு முன்னால் ஒரு கௌபாய்

எனக்கு நடை சொல்லிக்கொடுத்தவர் ஓர் அமெரிக்க நடிகர். பழைய கௌபாய் படங்களில் குதிரை மேலேயே குடியிருந்த மனிதர். கண்ணை இடுக்கிப் பார்ப்பார். ஊரே கூடிக் கேட்டாலும் ஒரு வார்த்தைதான் பதில் வரும். சவுதியில், ஜுபைலில் சாரம் கட்டும் வேலைக்கு வந்த பிறகும் நான் அவரைப் போலத்தான் நடந்தேன். போர்மேன் "ஜல்தி, ஜல்தி" என்று கத்துவதெல்லாம் அந்த நடையைப் பார்த்துத்தான்.

வெள்ளிக்கிழமை லீவில் கேம்ப் ரூமில் அவர் படம் ஓடும். பக்கத்துக் கட்டில் கீழக்கரை பாய்க்கு மட்டும் அவரைக் கண்டால் ஆகாது. ஒருநாள் போனில் எதையோ படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தம்பி, ஒங்க ஆளுக்குக் குதிரைன்னாலே அலர்ஜியாம். கிட்டப் போனா தும்மலாம், கண்ணு செவந்துருமாம்!"

பொறாமை பிடித்த எவனோ எழுதியிருப்பான் என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். போட்டோவைப் பார்த்ததுமே விழுந்துவிட்டேன். இது தட்டிப்போனால் தாங்கமாட்டேன் என்று தோன்றியது. லீவு கிடைக்காததால், அவர்கள் என்னை வீடியோ காலில் பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் கேம்பில் இதற்கென்று ஒரு முறை உண்டு. மேல் கட்டிலிலிருந்து நல்ல பெட்ஷீட் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். அடுக்குக் கட்டிலும் கொடியில் காயும் ஜட்டி பனியனும் ஊரில் யார் கண்ணிலும் படக்கூடாது. பாய் தன் புது பெட்ஷீட்டையே கட்டிக்கொடுத்தார்.

நான் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா.

"போகுது."

"சாப்பாடு?"

"உண்டு."

அந்தப் பக்கம் யாரோ கிசுகிசுத்தது நன்றாகவே கேட்டது. "பையனுக்குக் கண்ணு கோளாறா, இல்ல கோவமா?"

பாய்க்குப் பொறுக்கவில்லை. "பேசித் தொலைங்க தம்பி" என்று பின்னாலிருந்து என் முதுகில் ஒரு குத்து விட்டார். முடிச்சு அவிழ்ந்து பெட்ஷீட் என் தலையில் விழுந்தது. கட்டில், கொடி, கைலியோடு பாய், எல்லாம் புதுக்கோட்டையில் பெண் வீடு வரைக்கும் தெரிந்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்ற பயத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். ஆறு பேர் ஒரே ரூம். வெயிலும் மண்காற்றும் சேர்ந்து கண் இப்படி ஆகிவிட்டது. சாரத்தின் உச்சிக்குப் போனால் இன்னும் கால் நடுங்கும். பாய் வைக்கும் மீன் குழம்பு பிரமாதம்.

அப்பா கையிலிருந்து பெண் போனை வாங்கினாள். "அந்தப் பெட்ஷீட்ட மறுபடி கட்டிறாதீங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

அன்றிலிருந்து நடிகர் மேல் மரியாதை கூடித்தான் போனது. பாவம், அவரும் தும்மலை அடக்கிக்கொண்டு ஒரு பெட்ஷீட்டைக் கட்டியிருக்கிறார்.

கல்யாணமாகி, மகளும் பிறந்து, நான் மறுபடி ஜுபைலுக்கு வந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை திரையில் மனைவியின் கண் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"பெட்ஷீட்டக் கழட்டு" என்றேன்.

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. "பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டா. நீங்க எப்ப வருவீங்க?"

நான் கண்ணை இடுக்கிக்கொண்டேன். ரூமில் வெயிலெல்லாம் இல்லை.