சிவப்பிலிருந்து கழற்றிய கண்ணாடி

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒன்றும் கோபம் கிடையாது. நடந்தது என் பக்கத்து வீட்டில். அதுவும் யாருக்கு? பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே "வாயை நல்லாத் திறங்க" என்று அடக்கிவிடும் ஒரு பல் டாக்டருக்கு. அவரும் அவர் மனைவியும் சொன்னதைத்தான் சொல்கிறேன். கடைசியில் மட்டும் நானும் அங்கே நின்றேன்.

டாக்டருக்கு இரண்டு கிறுக்கு. ஒன்று சிவப்பு, இன்னொன்று வெள்ளி. இரண்டுமே அவரைவிட வயதில் மூத்த ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டு பேருக்குமேல் உட்கார முடியாது. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். சம்பாத்தியத்தில் பாதியை அவற்றின் வயிற்றில் கொட்டினார். கணக்கு டீச்சரான மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனார். புது வீட்டுக்கு மாறப்போகிறோம் என்றானதும் பொறுமை தீர்ந்தது. அங்கே ஷெட்டில் ஒரு பழைய காருக்குத்தான் இடம்.

"ரெண்டுல ஒண்ணு போகணும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ரெண்டும் வேணும்னா நான் போறேன்."

டாக்டர் தவித்துப்போனார். ஒருநாள் இது, மறுநாள் அது என்று தினம் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தார். வெள்ளி சொன்னபடி கேட்கும். ஆனால் மனசு சிவப்பின் பக்கம்தான். அதில் ஒரு பொருள்கூட மாற்றப்படவில்லை. உள்ளே, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிற கண்ணாடிகூட வாங்கிய நாளில் இருந்தது போலப் பளபளவென்று இருந்தது.

அந்தக் கண்ணாடியில்தான் ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் சிவப்பில் ஏறி உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடியில் ரோடு இல்லை. பக்கத்து சீட் தெரிந்தது. யாரோ கீழே சாய்த்து வைத்திருந்தார்கள். திருப்பி வைத்தார். அடுத்த முறையும் அப்படியே. ஸ்க்ரூவை முறுக்கினார். அதற்கடுத்த முறையும் பக்கத்து சீட்தான்.

"கார்ல போய்த் தலை சீவினியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஏன், வீட்ல எனக்குக் கண்ணாடி இல்லையா? அந்தத் தகர டப்பாவுக்குள்ள போயா சீவுவேன்?"

டாக்டர் சிரித்துவிட்டு அதை மறந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் ஏற்றிக்கொண்டார். எட்டு வயது. வீட்டில் கூப்பிடுவது வாலு. ஒரு நிமிஷம் வாய் ஓயாது. அன்று பாதி வழியில் திடீரென்று பேச்சு நின்றது.

"அப்பா, என்னையே பாக்காத. ரோட்டப் பாரு."

"ரோட்டத்தான்டா பாக்குறேன்."

"இல்ல. கண்ணாடியில என்னையே பாக்குற. கண்ணு கொட்டவே மாட்டேங்குற."

டாக்டரின் பார்வை முன்னால் போன லாரியை விட்டு நகரவே இல்லை. அதுமட்டுமில்லை. எதிர்வெயிலுக்காக அவர் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார். அவர் கண் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

நிமிர்ந்து பார்த்தார். கிளம்பும்போது சரிசெய்த கண்ணாடி, மகளைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. சிவப்பு போகும், வெள்ளி இருக்கும். ஊருக்குச் சொன்ன காரணம், கிளட்ச் சாமான் கிடைப்பதில்லை என்பது. உண்மையான காரணம் பயம். அந்தக் காரில் மகளை இனி ஏற்ற அவருக்குத் துணிவில்லை.

வாங்க வந்தது ஒரு பெண்மணி. நாற்பது வயசு இருக்கும். பேரம் பேசவில்லை, ஓட்டிப் பார்க்கவும் இல்லை. கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எதையும் மாத்தலையே?"

"ஒரு ஸ்க்ரூகூட மாத்தலம்மா."

அவர் சொன்னபோது அது உண்மைதான். ஆனால் வண்டியை எடுத்துப்போக ஆள் வரும் காலையில், பழைய கார் பைத்தியங்களுக்கே உரிய சபலம் டாக்டரைப் பிடித்துக்கொண்டது. விற்கிற வண்டியிலிருந்து நல்ல சாமானைக் கழற்றி, வைத்துக்கொள்கிற வண்டியில் மாட்டுவது. வெள்ளிக் காரின் கண்ணாடி ரசம் போய்த் திட்டுத்திட்டாக இருந்தது. அதை எடுத்துச் சிவப்பில் மாட்டினார். சிவப்பின் பளபளப்பு வெள்ளிக்கு வந்தது.

பயம் காரோடு போய்விடும் என்று நினைத்தார், பாவம்.

நாலு நாள் கழித்து போன் வந்தது. சாயங்காலம் நாலரை. வீட்டு முன்னறையில்தான் கிளினிக். ஒருவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணிதான் பேசினார்.

"இதுல இருந்த கண்ணாடி எங்க?"

"அதேதாம்மா..."

"பொய் சொல்லாதீங்க. அது எங்கப்பா கார். அந்தக் கண்ணாடிய உடைக்கத்தான் இத்தன வருஷம் தேடி வாங்கினேன். எங்க இருக்கு?"

"என்னோட... இன்னொரு கார்ல."



"அதுல குழந்தைங்கள ஏத்தாதீங்க..."

டாக்டர் கையுறையோடு ஷெட்டுக்கு ஓடினார்.

ஷெட் காலி.

"வண்டி எங்க?"

சாமான் கட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். "சாமான் கட்ட வந்தானே என் தம்பி, அவன்தான் எடுத்துட்டுப் போனான். வாலுவுக்கு ஐஸ்கிரீம் வாங்க. ஏங்க, என்ன?"

மச்சானுக்கு போன் போட்டார். அடித்தது. எடுக்கவில்லை.

மறுபடியும். எடுக்கவில்லை.

அவர் போட்ட சத்தத்தில்தான் நான் வெளியே வந்தேன். மூன்று பேரும் கேட்டில் நின்றோம்.

நாலு ஐம்பது.

தெருமுனையில் இன்ஜின் சத்தம்...

வெள்ளி கார். மெதுவாக வந்தது. ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டது. கேட்டுக்குள் அளவாகத் திரும்பியது. ஷெட்டில் நேராக நின்றது.

இன்ஜின் அணைந்தது.

பக்கத்துக் கதவு திறந்தது. வாலு இறங்கினாள். கையில் ஐஸ்கிரீம் முழுக்க உருகி முழங்கைவரை வழிந்திருந்தது.

"மாமா பேசவே மாட்டேங்குறாருப்பா. ரோட்டப் பாருங்கன்னு எத்தன தடவ சொன்னேன். என்னையே பாத்துட்டு வந்தாரு."

மச்சான் இறங்கவில்லை.

டாக்டர் கதவைத் திறந்தார். கழுத்தில் விரல் வைத்தார்.

கையை எடுத்தார்.

சில்லிட்டிருந்தது.

மச்சானுக்கு முப்பத்திரண்டு வயசு. தலைவலி என்றுகூடப் படுத்தவன் இல்லை. வீடு வருவதற்கு அரை மணி நேரம் முன்னாடியே உயிர் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஐஸ்கிரீம் கடையிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷம். வழியில் இரண்டு சிக்னல்.

காரியமெல்லாம் முடிந்ததும் டாக்டர் சுத்தியலோடு ஷெட்டுக்குப் போனார். மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. உன் தம்பியக் கொன்னது அதுதான்."

"என் பிள்ளைய வீடு கொண்டுவந்து சேத்ததும் அதுதாங்க..."

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் அந்தப் பெண்மணி வந்தார். அப்பா இறந்தபோது அவருக்கு ஏழு வயதாம். பெட்ரோல் பங்கில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவர் அப்பாவுக்கு உயிர் போயிருக்கிறது. ஆனால் பக்கத்து சீட்டில் இருந்த மகளோடு கார் வீடு வந்து சேர்ந்தது. வழியெல்லாம் கண்ணாடியில் இரண்டு கண்கள் அந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பாவம், மகள விட்டுட்டுப் போக மனசு வராம உங்கப்பாதான்..." என்றார் டாக்டரின் மனைவி.

"அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. ஆனா எங்கப்பாவுக்குப் பூனைக்கண்ணு. நான் பாத்தது கன்னங்கரேல்னு இருந்துச்சு."

டாக்டர் மெதுவாக மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"வாலு, அன்னைக்குக் கண்ணாடியில பாத்தது மாமா கண்ணுதானே?"

"இல்லப்பா. முன்னாடி சிவப்புக் கார்ல நீ என்னைப் பாத்தியே... அதே கண்ணு."