மேசையின் இடது பக்கம்

என் கணவரின் அண்ணன் இஸாபுரோ எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இடது பக்கம் வைக்கிற ஊறுகாயைத் தொடமாட்டார். புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாய். எங்கள் ஊரில் அது இல்லாமல் யாரும் தேநீர் குடிப்பதில்லை. அதே ஊறுகாய் வலது பக்கம் இருந்தால் தட்டைக் காலி செய்துவிடுவார். பத்து வருடத்துக்கும் மேலாக இதைப் பார்த்துவந்தேன். வயதானால் ஆளுக்கொரு கிறுக்கு வரும் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொன்னதில்லை.

அவர் குளிர்காலத்தில் சாலைப் பனி தள்ளும் வண்டி ஓட்டினார், கோடையில் மரம் வெட்டினார். மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்களோடுதான். அவருடைய சின்ன லாரியில் இடது பக்கக் கண்ணாடி எப்போதும் கறுப்பு டேப் சுற்றித்தான் இருக்கும். கேட்டால், "நான் சும்மாதான் போனேன். சுவரு வந்து மோதிருச்சு" என்பார். சிரிக்காமல் சொல்வார். ஊரே சிரிக்கும்.

ஆனால் அவருடைய பெரிய பெயர் மலையில்தான். ஏப்ரல் கடைசியில், பனி இறுகியும் காட்டு மரங்கள் தளிர் விடாமலும் இருக்கிற சில நாட்களில், எங்கள் ஆண்கள் கரடிக்குப் போவார்கள். நாலு பேர் கீழேயிருந்து கூவிக்கொண்டு ஏறுவார்கள். மேலே முகட்டில் மூன்று துப்பாக்கிகள் காத்திருக்கும். இவர்கள் யாருக்கும் முழு மலையும் தெரியாது. அது தெரிகிற ஒரே ஆள், பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் பாறையில் தனியாக உட்கார்ந்திருப்பவர். அவர் கையசைப்பதைப் பார்த்துத்தான் எல்லாரும் நகர்வார்கள். அவர் ஒரு பக்கம் கையை நீட்டினால், அந்தப் பக்கம் நம் ஆள் இல்லை, சுடலாம் என்று பொருள். இருபத்தாறு வருடம் அந்தப் பாறையில் இஸாபுரோ அத்தான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் நடுத் துப்பாக்கியோடு நின்ற இளைஞன் கெய்தா, பாறையிலிருந்து பார்த்தால் இடது பக்கமாகச் சுட்டான். குண்டு என் கணவர் ஷூகிச்சியின் காதோரமாகப் போய் மரப்பட்டையைப் பிய்த்தது. "அவரு கை நீட்டினாரு, நான் பார்த்தேன்" என்று கெய்தா அழுதான். அத்தான், "சொந்தத் தம்பி நிக்கிற பக்கம் நான் கை நீட்டுவேனா?" என்று என் கணவரிடம் கேட்டார். கெய்தா பதறிப்போய்த் தப்பாகப் பார்த்துவிட்டான் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். அவன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டவுனில் டயர் கடையில் சேர்ந்தான். அவனுடைய அம்மா என்னைக் கண்டால் இன்றும் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

போன வருடம் வேட்டைக்கான கூட்டம் எங்கள் வீட்டில். சனிக்கிழமை மலை ஏறுவதாக இருந்தது; அரசு அனுமதி ஞாயிறு வரைக்கும்தான். புதன்கிழமை மத்தியானம் வேட்டைத் தலைவர் மோரிஹேய் வந்ததும் மலைத்தாய்க்கு சாக்கே என்கிற அரிசி மது ஊற்றினார்கள். அதை ஊற்றிவிட்டால், வேட்டை முடிகிற வரை வீட்டுப் பெண்கள் மலையைப் பற்றியோ கரடியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் அந்த முறை வேட்டை கிடையாது. எனக்கு அது சிரமமே இல்லை. தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திட்டம் போடும் முறை எங்கள் ஊரில் இப்படித்தான்: அடியில் கணப்பு உள்ள தாழ்ந்த மேசையைப் போர்த்தியிருக்கும் மெத்தைத் துணியை இழுத்து மேசைமேல் போட்டு, மடித்து மடித்து மலையாக்குவார்கள். விரட்டுகிறவர்களுக்குச் சோயா விதை, துப்பாக்கிகளுக்கு வால்நட் கொட்டை. எதிர்மலையிலிருந்து பார்ப்பதுபோல அத்தான் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். மோரிஹேய் நடுவில் ஒரு கொட்டை வைத்தார். அவருடைய மருமகன் வலது பக்கம் வைத்தான். என் கணவர் தன் கொட்டையை இடது முகட்டில், ஊறுகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அத்தான் மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஷூகிச்சி, ஒன் கொட்டைய வையிடா. பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டுத்தான் வைப்பியா?"

"வெச்சாச்சுண்ணே."

"எங்க, பையிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். மருமகன், "மாமா, அவரு வெச்சத கரடி தின்னுட்டுப் போயிருச்சு" என்றான். மறுபடி சிரிப்பு.

அத்தான் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் சிரிக்கமாட்டார்தான். ஆனால் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஜோக் சொல்கிற முகம் இல்லை.

"சரி, நீ வலது பக்கம் போறேன்னு வெச்சுக்கிறேன்" என்றார். "அப்போ இடது பக்கம் காலி. மோரிஹேய், நான் இப்படிக் கைய நீட்டினா நீ தைரியமா அந்தப் பக்கம் சுடு."

நீட்டின கை என் கணவரின் கொட்டைக்கு நேராக இருந்தது.

கெண்டியைக் கீழே வைத்தேன். ஊறுகாய்த் தட்டு, லாரிக் கண்ணாடி, கெய்தாவின் அழுகை எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நின்றன. பத்து வருடம். நான் வாராவாரம் பார்த்த விஷயம். அது என்னவென்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னால் பேச முடியாது. பேசினால் வேட்டை போய்விடும், கெடுத்தது நான்தான் என்று காலத்துக்கும் சொல்வார்கள். பேசாவிட்டால் சனிக்கிழமை காலையில் ஷூகிச்சி அந்த முகட்டில் நிற்பார்.

நான் எழுந்தேன். அத்தானுக்கு இடது பக்கம், அவர் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்த ஊறுகாய்த் தட்டை எடுத்தேன். அவருக்குப் பின்னால் சுற்றிப்போய் வலது பக்கம் வைத்தேன்.

"அட, ஊறுகா இருக்கா?" என்றார். "இவ்வளவு நேரம் கண்ணுல காட்டாம வெச்சிருந்தியே ஸுமி. வெறும் தேத்தண்ணிய குடிச்சுகிட்டு உட்கார்ந்திருக்கேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தட்டிலிருந்து எல்லாரும் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மருமகனின் சாப்பிடும் குச்சியில் பாதித் துண்டு அப்படியே இருந்தது.

மோரிஹேய் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இஸாபுரோ, இந்தத் துணிமேல எத்தனை கொட்டை இருக்கு?"

"ரெண்டு."

"தலையத் திருப்பிப் பாரு."

திருப்பினார். கொட்டை அவர் பார்வைக்குள் வந்த அந்த நொடியை நான் பார்த்தேன். அடித்தால்கூட ஒரு மனிதனின் முகம் அப்படி ஆகாது. தலையை நேராக்கினார், மறுபடி திருப்பினார். மூன்று தடவை அப்படிச் செய்தார். கடைசியில் கையை நீட்டிக் கொட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"கெய்தா" என்றார்.

என் கணவர் தன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கே தெரியாமல் கை அங்கே போயிருந்தது.

அந்த வருடம் யாரும் மலை ஏறவில்லை. மோரிஹேய் மெத்தைத் துணியை உதறி மடித்து என்னிடம் கொடுத்தார்.

டவுன் கண் ஆஸ்பத்திரியில், பார்வையின் இடது ஓரம் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, இப்படிப் போனால் ஆளுக்கே தெரியாது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். திரும்பும் வழியில் அத்தான் டயர் கடையில் நிறுத்தச் சொன்னார். எண்ணெய் படிந்த தரையில் மண்டியிட்டு நெற்றி படக் குனிந்தார். கெய்தா கையில் டயரோடு நின்றான்.

"எந்திரிங்க மாமா. கடைக்கு ஆளு வருது" என்றான். அவ்வளவுதான்.

இந்த வசந்தத்தில் எதிர்மலைப் பாறையில் மோரிஹேய் உட்கார்ந்தார். ஒரு கரடி கிடைத்தது. கெய்தாவின் பங்கு என்று ஒரு கறிப்பொட்டலம் கட்டி அவன் அம்மாவிடம் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். கெய்தா இன்னும் டயர் கடையில்தான் இருக்கிறான். லாரியை விற்றாகிவிட்டது. அத்தானுக்குக் காலையும் மாலையும் கண்ணில் மருந்து விடுவது நான். ஊறுகாயை வலது பக்கம் வைக்கிறேன்.