முழங்கால்வரை ஐந்து மீற்றர் துணி

சென்ற இலையுதிர் காலத்தில் என் இடது தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு தீ வந்து குடியிருந்தது. உள்ளங்கை அளவு இடம். தொட்டால் குளிர்ந்திருக்கும், உள்ளே எரியும். டோர்ட்மண்டில் எங்கள் வீதி முனையில் இருக்கும் வைத்தியர் ஒரு படத்தைக் காட்டினார். இடுப்பெலும்பின் நுனியைக் கடந்து தொடைக்கு இறங்கும் ஒரு நரம்பு, தையல் நூல் போல. என் காற்சட்டைப் பெல்ட் இத்தனை வருடமாக அதைத்தான் நசுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த எலும்பை இறுக்கும் எதையும் அணிய வேண்டாம், சில மாதங்களில் அடங்கிவிடும் என்றார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூலளவு ஒன்று, முழு மனிதனையும் நிறுத்தி வைத்துவிட்டது.

நான் நடக்கிறவன். இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத பிறவி. வேலை முடிந்து கனால் என்கிற கால்வாயின் கரையில் இரண்டு மணித்தியாலம் நடந்தால்தான் எனக்கு அந்த நாள் நாளாகும். இப்போது காற்சட்டை போட்டால் பத்து நிமிடத்தில் தொடை கொதித்தது. றப்பர் வைத்த விளையாட்டுக் காற்சட்டையும் அதே எலும்பில்தான் போய் உட்கார்ந்தது. வீட்டில் லுங்கிபோல இடுப்பில் சுற்றும் சாரத்தைத் தளர்வாகக் கட்டிக்கொண்டால் வலி இல்லை. ஒருநாள் சாரத்தோடே வெளியே இறங்கியும் பார்த்தேன். ட்ராம் தரிப்பிடத்தில் காற்று அடித்தது. இறுக்கினால் நரம்பு எரிந்தது, தளர்த்தினால் மானம் போனது. இரண்டு கையாலும் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தேன். பிறகு ஐந்து வாரம் ஜன்னலோடு இருந்தேன்.

கில்ட் என்ற யோசனை மனைவியின் வாயிலிருந்து கேலியாகத்தான் வந்தது. ஸ்கொட்லாந்து ஆண்கள் அணியும் அந்த மடிப்புப் பாவாடையைத் தொலைக்காட்சியில் கண்டவள், "இஞ்சேருங்கோ, உங்கடை வருத்தத்துக்கு உதுதான் மருந்து. என்ரை பள்ளிக்கூடப் பாவாடை இருந்திருந்தால் அதையே தந்திருப்பன்" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. "உது எங்கை விக்கிது?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியது. "நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்."

நகரின் வடக்குப் பக்கத்தில், பழங்காலச் சந்தைத் திருவிழாக்களுக்கு வேஷம் கட்டிப் போகிறவர்களுக்காகத் தைத்து விற்கும் ஒரு சின்னக் கடை. கடைக்காரி அறுபது வயதிருக்கும், கழுத்தில் அளவுநாடா. முதலில் கம்பளியை எடுத்து என் கையில் வைத்தார். தூங்கும் குழந்தையை வாங்கியதுபோல இருந்தது, அவ்வளவு பாரம். "கலியாணத்துக்கு, பனிக்கு, வாழ்நாள் முழுவதுக்கும்" என்றார். மனைவி பின்னால் நின்று என் முழங்கையை இடித்தாள். "ஆர் தோய்க்கிறது எண்டு கேளுங்கோ." கேட்டேன். வீட்டில் தோய்க்க முடியாதாம், உலர்சலவைக்குத்தான் கொடுக்க வேண்டுமாம். "அப்ப அதை வையுங்கோ" என்றாள். அடுத்தது கூடாரத் துணிபோல ஒன்று, பக்கத்துக்கு ஒரு பெரிய பை, சுத்தியல் கொழுவ வளையம் வேறு. "வீட்டிலை ஒரு ஆணி அடிக்காத மனிசனுக்கு" என்றாள் மனைவி, தமிழில்தான், ஆனால் கடைக்காரி சிரித்தார்.

மூன்றாவது ஒரு மெல்லிய கலப்புத் துணி. சாம்பலும் கரும்பச்சையுமாகக் கட்டம். முப்பது பாகையில் மெஷினில் போடலாம், இடுப்புப் பக்கத்தைக் கவ்வியில் கொழுவிக் காயவிட்டால் போதும், அயன் வேண்டாம், தோல் பட்டிக்குப் பதில் ஒட்டுப்பட்டி. மனைவி முதல்முறையாகக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

"இதில் ஐந்து மீற்றர் இருக்கிறது" என்றார் கடைக்காரி. நான் நம்பவில்லை. அவர் பின்பக்கத்து மடிப்பு ஒன்றை விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே ஒரு சாண் துணி ஒளிந்திருந்தது. அடுத்ததை விலக்கினார், அங்கும். மூடினால் ஒவ்வொரு மடிப்பின் கோடும் பக்கத்து மடிப்பின் கோட்டோடு போய்ச் சேர்ந்து, வெட்டாத ஒரே துணிபோல நின்றது. நான் தினமும் சாரம் கட்டுகிறவன். மிச்சத் துணி முழுவதையும் முன்னால் ஒரே மடிப்பாகச் செருகுவதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. யாரோ எங்கோ குளிரில் உட்கார்ந்து, மிச்சத்தை முதுகுப் பக்கம் அனுப்பி, நடக்கிற காலுக்காக அதைத் திறக்கவும் மூடவும் வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப விலக்கிப் பார்த்தேன். மனைவி, "காணும், விடுங்கோ, கிழிச்சுப் போடுவியள்" என்றாள்.

இடுப்பளவு கேட்டார். அந்நியப் பெண் என்னைச் சுற்றி நாடா பிடிப்பதற்குக் கூச்சம். வீட்டில் அளந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் பிழை நேர்ந்தது. சாரம் கட்டும் இடத்தில், வயிற்றுக்குக் கீழே, எங்கள் ஆண்கள் எல்லாரும் இடுப்பு என்று நம்புகிற அந்த இடத்தில் நாடாவைப் போட்டேன். அங்கிருந்து முழங்கால்வரை நீளம். மறுநாள் அந்த அளவுக்கு வாங்கி வந்து கட்டினால், பட்டி நேரே அதே எலும்பில் அமர்ந்தது. வாசல்வரை போகுமுன் தொடை பற்றிக்கொண்டது. மேலே ஏற்றினேன். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைக் கண்டு நிறுத்தினாள். "நாளைக்குப் போவம். நானும் வாறன்."

கடைக்காரி கோபிக்கவில்லை. என் தொப்புளுக்கு நேரே ஒரு விரலை வைத்து, "உங்கள் இடுப்பு இங்கே இருக்கிறது" என்றார். ஐம்பது வருடம் ஓர் உடலில் குடியிருந்துவிட்டு, அதன் இடுப்பு எங்கே என்பதை ஒரு ஜெர்மன் பெண்ணிடம் கேட்டு அறிந்தேன். பழையதை வாங்கிக்கொண்டு நீளமானதைத் தந்தார். பட்டி எலும்புக்கு மேலே நாலு விரல் தள்ளி அணைத்தது. கடைக்குள் முன்னும் பின்னும் நடந்தேன். எரியவில்லை. மறுபடி நடந்தேன்.

சனிக்கிழமை காலை, காலில் நீளக் காலுறையும் மேலே ஜாக்கெட்டுமாகத் தனியே இறங்கினேன். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் இங்குள்ள காற்றை என் முழங்கால்கள் அறிந்ததில்லை. அவை இரண்டும் திகைத்துப்போய் நடந்தன.

சந்தைச் சதுக்கத்தில், உருளைக்கிழங்குக் கடைக்கு முன்னால், அண்ணை நின்றார். நான் வந்த புதிதில் என் அகதி விண்ணப்பத்தை எழுதித் தந்தவர், எங்கள் ஆட்களுக்கெல்லாம் மூத்தவர். கண்டதும் என் இரண்டு கைகளும் தாமாகவே இடுப்புக்குப் போயின. சாரத்தை முழங்காலுக்கு மடித்துக் கட்டியிருக்கும்போது மதிப்பான ஒருவர் வந்தால் அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கி விடுவது எங்கள் வழக்கம். கைகள் தேடின. இறக்க எதுவும் இல்லை. முப்பது வருடம் இந்த நாட்டில் குளிர்ந்த பிறகும் அந்தக் கைகளுக்கு அது தெரிந்திருந்தது. நான் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணைக்கு விளங்கிவிட்டது. "விடும் தம்பி. அதிலை இறக்க ஒண்டுமில்லை."

"காலிலை வருத்தம் அண்ணை. காற்சட்டை போட ஏலாது."

"நான் நினைச்சன் மண்டையிலை எண்டு. ஒருக்கால் திரும்பும் பாப்பம்."

சந்தை நடுவில் திரும்பினேன். விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "பாரமில்லை. தோய்க்கிறது?"

"மெஷினிலை அண்ணை. அயனும் தேவையில்லை."

சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "எனக்கு முழங்கால் மடங்காது. விடியக் காற்சட்டைக்குள்ளை காலை விட மனிசிதான் குனிய வேணும். அவவுக்கும் நாரி நோ, குனிஞ்சால் நிமிர ஏலாது. கடை எங்கை?"

சொன்னேன். இடுப்பைத் தொப்புளில் அளக்கும்படியும் சொன்னேன்.

"ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேயும்" என்றபடி கிழங்குப் பையைத் தூக்கினார்.

அவரை விட்டுக் கனால் பக்கம் திரும்பினேன். பாலத்தடியில் நின்று தொடைக்குச் செவி கொடுத்தேன். ஒன்றுமில்லை. தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. நான் கால் வைக்க மடிப்புகள் திறந்தன, எடுக்க மூடின. கனால் துறைமுகத்தை நான் தாண்டும்போது கைபேசி அடித்தது, மனைவி.

"எங்கை நிக்கிறியள்? எரியுதோ?"

"இல்லை."

"அப்ப திரும்பி வாங்கோவன், சாப்பாடு ஆறுது."

"கொஞ்சம் பொறும்," என்றேன், "இன்னும் போறன்."