உமிச் சாம்பலில் வைக்காத சங்கிலி

நேற்றுக் கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் மரண அறிவித்தல் அடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அச்சகக்காரர் முதல் நாள் செத்த யாரோ ஒருவருடைய அறிவித்தலைக் கணினியில் திறந்து, பெயர்களை மட்டும் அழித்துவிட்டு எங்கள் ஆளுடைய பெயரைப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஒரே அச்சுத்தான். ‘அன்னார்’ என்ற இடத்துக்கு வந்ததும் விரலை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அவாட மனுசன் காலஞ்சென்றவரோ, அக்கா?”

எங்கள் பக்கத்து அறிவித்தல்களைப் பார்த்திருப்பீர்கள். செத்தவருடைய உறவுகளின் பெயர்கள் வரிசையாக வரும். அவர்களில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று ஒரு சொல் நிற்கும். உயிரோடு இருப்பவர்களுக்கு அது இல்லை. ஓம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய கேள்வி.

“அவாட மகளிட்ட ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லுறன்” என்று வெளியே வந்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் காஸ் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். குப்பென்று மணம் வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிற மணம். எனக்கு அது வேலைக்குப் போகிற மணம். இருபத்துமூன்று வயதில் தினமும் காலையில் அதைத்தான் மணந்தேன்.

போர் முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய காலம் அது. எங்களைக் கைதூக்கிவிடப் பலபேர் வந்தார்கள். ஒருவர் கோழி தந்தார், ஒருவர் தையல் மெசின் தந்தார், இன்னொருவர் காளான் வளர்க்கச் சொன்னார். கோழியைக் கீரி கொண்டுபோனது. காளான் எங்கள் வெயிலுக்கு இரண்டு நாள் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் ஸ்கந்தபுரத்துக்குக் கண்ணாடி வந்தது. எந்தப் புண்ணியவானின் யோசனை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தறப்பாள் கூரைக்குக் கீழே படுக்கிற சனத்துக்குக் கண்ணாடிச் சங்கிலி எதற்கு என்று நாங்களும் கேட்கவில்லை. கேட்கிறவளுடைய பெயர் அடுத்த உதவிப் பட்டியலில் இராது என்பது எங்களுக்கு அதற்குள் பாடமாகியிருந்தது.

ஒரு பழைய நெல் களஞ்சியத்தைக் கழுவி மேசைகள் போட்டார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு ரோச். ரோச் என்றால் எங்களுக்கு அதுவரைக்கும் இருட்டில் அடிக்கிற ரோச் லைட்தான். இதுவோ மேசையில் பூட்டி வைத்த, காஸில் சீறுகிற நெருப்புக் குழல். பழக்குவதற்கு வந்த வெள்ளைக்கார அம்மா மூன்று கிழமை நின்றுவிட்டு, எல்லோரையும் கட்டிப் பிடித்து அழுதுவிட்டுப் போனார். அவர் ஏன் அழுதார் என்பது எங்களுக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை.

வேலை இதுதான். பென்சில் தடிப்பில் கண்ணாடிக் குச்சி. நுனியை நெருப்பில் பிடித்தால் சிவந்து, பிறகு சீனிப்பாணிபோல வழியும். வழியும்போதே ஒரு கம்பியில் சுற்றி வளையமாக்க வேண்டும். வளையத்தை முழுதாக மூடாமல் சின்னதாக ஒரு வாய் விட வேண்டும். அந்த வாய்க்குள்ளால் முந்தைய வளையத்தைக் கோத்துக்கொண்டு, திரும்ப நெருப்புக் காட்டிக் குறட்டால் நசித்து ஒட்ட வேண்டும். நெருப்புக் கூடினால் இரண்டு வளையமும் சேர்ந்து கட்டியாகும். குறைந்தால் பக்கத்து வளையம் ஆறி வெடிக்கும். அதனால் ஒரு சங்கிலிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி மூடுவாள். மற்றவள் முடிந்த பகுதியை இடுக்கியில் பிடித்து, ஆறவிடாமல் நெருப்பின் ஓரச் சூட்டிலே காட்டிக்கொண்டு நிற்பாள்.

நான் பிடிக்கிற ஆள். காரணம் மிகச் சாதாரணம்: எனக்கு மூட வரவில்லை. நான் செய்த முதல் வளையத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தவமணியக்கா, “பிள்ளை, வடையெண்டு சொல்லவும் இதுக்கு ஓட்டையும் இல்லை, உளுந்தும் இல்லை” என்றார். அன்றிலிருந்து நான் அவருடைய மேசைக்கு இடுக்கி பிடித்தேன்.

தவமணியக்காவுக்கு அப்போது நாற்பது இராது. தாய்தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் இங்கேயே பிறந்தவர், எங்களைப்போலத்தான் கதைப்பார். நல்லாய்க் கோபம் வந்தால் மட்டும் தாய்தகப்பனுடைய மலைநாட்டுப் பேச்சு வாயில் வந்துவிடும். வயலில் நாற்று நட்ட கைக்கு எப்படித்தான் அந்தக் கண்ணாடி அடங்கியதோ, நூறு வளையச் சங்கிலியில் எந்த இடத்தில் மூடினார் என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. வேலை செய்யும்போது கண்ணுக்கு ஊதா நிறக் கண்ணாடி போடுவோம். போட்டதும் கண்ணைக் கூசுகிற மஞ்சள் நெருப்பு மறைந்து, உருகுகிற வளையம் மட்டும் தெரியும். “உலகத்துக்கே இப்பிடி ஒரு கண்ணாடி இருந்தால் நல்லம்” என்பார்.

செய்து முடித்த சங்கிலியை உடனே வெளியே வைக்கக் கூடாது. மெல்ல மெல்ல ஆற வேண்டும். அதற்கென்று ஒரு மின்சார அடுப்பு கப்பலில் வந்தது. அது வந்தது, கரண்ட் வரவில்லை. வந்தாலும் நாலுதரம் போகும். முதல் மாதம் நாங்கள் செய்தவற்றில் பாதி ஆறும்போதே தெறித்தது. தவமணியக்காதான் ஒரு பாதித் தகரப் பீப்பாவில் உமியைக் கொட்டிக் கொளுத்தி, அந்தச் சூட்டுச் சாம்பலுக்குள் சங்கிலியைப் புதைத்தார். விடிய எடுத்தால் ஒரு கீறல் இல்லை. வெள்ளைக்கார அம்மாவின் புத்தகத்தில் உமி இல்லை. பிறகு வந்த அறிக்கையில், அது திட்டத்தின் கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தார்கள்.

அவருடைய கணவர் சிவராசா உழவு மெசின் ஓடியவர். போரின் கடைசி நாட்களில், ஆமி பெயர் பதியச் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் ஒரு பஸ்ஸில் ஏறினார். தவமணியக்காதான் உடுப்புப் பையை யன்னலால் எட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பஸ்ஸும் இல்லை, பையும் இல்லை, மனுசனும் இல்லை. போகாத முகாம் இல்லை, எழுதாத கடிதம் இல்லை. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டும் கழுத்தில் மஞ்சள் கயிறும் ஒரு நாளும் விடவில்லை. யாராவது ஆறுதல் சொல்லப் போனால் ஒரே பதில்தான்:

“பஸ்ஸில ஏத்தினனான். ஏத்தினவரை இறக்கித் தரட்டும். அவ்வளவுதான் என்ர கதை.”

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி வந்ததே இதைத் தள்ளிப்போடத்தான்.

சங்கிலியை வெறும் சங்கிலியாக யாரும் வாங்க மாட்டார்களாம். ஒவ்வொன்றுடனும் ஒரு கார்ட் போக வேண்டும். அதில் செய்தவளுடைய படம், பெயர், மூன்று வரி வாழ்க்கை, எல்லாம் இங்கிலீஷில். உயர்தரம் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. ஒரு மூலையில் சில்லுப் பூட்டி உருளுகிற கதிரையும் தந்தார்கள். சிரிக்காதீர்கள், அந்தக் கதிரை எனக்கு நிரம்பப் பிடித்திருந்தது. நாலு வருடம் நிலத்திலே இருந்தவளுக்கு அது சிம்மாசனம்.

தவமணியக்காவின் படிவத்தில் ‘திருமணமானவர்’ என்று நிரப்பினேன். பொறுப்பாக இருந்த மிஸ் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இவாட கணவர் இருக்கிறாரா?”

“தெரியாது, மிஸ். பிடிச்சுக்கொண்டு போனது.”

“தெரியாது எண்டதுக்குப் படிவத்தில இடமில்லை. கணவர் இருக்கிற ஆக்களைத் திட்டத்தில வைச்சிருக்கேலாது. விதவை எண்டு போடும். அவாக்கு நல்லதுக்குத்தானே சொல்லுறன்? அவாக்குத் தெரிய வேண்டியதில்லை.”

போட்டேன். ஒரு கட்டத்தை வெட்டி இன்னொன்றில் புள்ளடி போட எவ்வளவு நேரம் எடுக்கும்? பிறகு கார்டிலும் அதையே எழுதினேன். அவருக்காகத்தான் செய்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பாதி அவருக்காக, பாதி அந்தக் கதிரைக்காக. கார்டுகளைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து வந்தார்கள். அவருடைய குங்குமப் பொட்டு அதில் ஒரு மச்சம்போலக் கிடந்தது.

சில மாதத்தில், பணம் தந்த நாட்டிலிருந்து விருந்தினர் வந்தார்கள். வாசலில் மாவிலைத் தோரணம், குடிக்கச் செவ்விளநீர். தவமணியக்கா அன்றைக்கென்று ஒரு நீலச் சங்கிலி செய்துகொண்டிருந்தார். கடைசி வளையம் மூடுகிற நேரம். நான் பக்கத்தில் இடுக்கியோடு நின்றேன். வந்தவர்களில் வயதான ஒரு பெண் மேசையிலிருந்த கார்டை எடுத்து வாசித்தார். கண் கலங்கியது. குனிந்து தவமணியக்காவின் தோளில் கையை வைத்து, இங்கிலீஷில் ஏதேதோ மெதுவாகச் சொன்னார். நல்ல மனுசி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மொழிபெயர்க்கச் சொல்லி மிஸ் எனக்குக் கண் காட்டினார்.

“உங்கட வேலை நல்ல வடிவாம், அக்கா” என்றேன்.

தவமணியக்கா குறடு கையிலிருக்க, நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“விடோ எண்டு சொன்னவா. எனக்கு விளங்கினது.”

இங்கிலீஷ் தெரியாத மனுசி என்று நினைத்திருந்தேன். நிவாரண வரிசையில் இரண்டு வருடம் நின்றவர்களுக்கு விதவையைக் குறிக்கிற அந்த ஒரு சொல் தெரியாமல் இருக்குமா? எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த இங்கிலீஷ் அது. இந்த மடைத்தனத்தை மிஸ் செய்திருந்தால் பரவாயில்லை, நான் அதே வரிசையில் நின்றவள்.

“கார்டில கிடக்குதக்கா” என்றேன்.

அவர் அந்த வளையத்தை மூடி முடித்தார். அவசரப்படாமல், வழமைபோல மூடினார். பிறகு ஊதாக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“யாரு எழுதுனது?”

மலைநாட்டுப் பேச்சு வந்துவிட்டது.

“நான்தான்.”

என் கையிலிருந்த இடுக்கியை அவர் வாங்கினார். சங்கிலி முழுதும் இன்னும் கொதிசூட்டில் இருந்தது. உமிப் பீப்பா கைக்கெட்டின தூரத்தில்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போய், விருந்தினருக்காக ஓடவிட்டிருந்த மேசைக் காற்றாடிக்கு நேரே, குளிர்ந்த சீமெந்து நிலத்தில் சங்கிலியை நீளமாகக் கிடத்தினார். வேலை முடிந்ததென்று நினைத்து விருந்தினர் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது சத்தம் தொடங்கியது. டிக். கொஞ்ச நேரம் இல்லை. பிறகு டிக், டிக். முதலில் ஓரத்து வளையம், பிறகு நடுவில், பிறகு எங்கேயென்றில்லாமல். ஒரு சுத்தியல் இல்லை, ஒரு கூச்சல் இல்லை. நூறு வளையமும் வெடித்து முடியும் மட்டும் யாரும் அசையவில்லை. கார்ட் வாசித்த பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

தவமணியக்கா ஊதாக் கண்ணாடியை அதன் உறையில் போட்டு மேசையில் வைத்தார்.

“ரோச்சை நிப்பாட்டு. காஸ் வீணாப் போவுது” என்று எனக்குச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பிறகு அந்தப் படி ஏறவில்லை.

நாலாம் நாள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வசனம் கட்டிக்கொண்டு போனேன். குசினிக்குள் நின்றவர் என்னை இருக்கச் சொன்னார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“எழுதினதை அழிக்கேலுமோ?”

“கார்டெல்லாம் கொழும்புக்குப் போயிட்டுது, அக்கா.”

“அப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போ.”

குடித்தேன். சீனி சரியாக இருந்தது.

அடுத்த வருடம் கண்ணாடிக் குச்சி வருவது நின்றது. அதற்கடுத்த வருடம் திட்டமும் நின்றது. மிஸ்ஸுக்கு வேறு ஊரில் வேறு திட்டம் கிடைத்தது, எனக்கு வவுனியாவில் ஓர் அலுவலகம் கிடைத்தது. பிறகு காணாமல் போனவர்களுடைய ஆட்கள் தெருவோரம் கொட்டில் போட்டு, பதில் கேட்டுப் போராட்டம் இருக்கத் தொடங்கினார்கள். பஸ்ஸில் போகும்போது தவமணியக்காவைப் பார்ப்பேன். மடியில் சிவராசாவின் படம், நெற்றியில் பொட்டு, தலை மட்டும் வருடத்துக்கு வருடம் வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் அவர் நிமிர்ந்து என்னை நேரே பார்த்தார். நான் கைபேசியில் ஏதோ முக்கியமாக வாசிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை சுகமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் சுகந்தி எனக்கு அழைத்து, “அன்ரி, நோட்டீசை நீங்களே எழுதி அடிச்சுத் தாங்கோ. அம்மாவோட வேலை செய்த ஆள்தானே, உங்களுக்கு எல்லாம் தெரியும்” என்றாள். நான் கார்டில் என்ன எழுதினேன் என்பதைத் தாய் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அச்சகத்துக்கு வெளியே நின்று அவளை அழைத்தேன்.

“அப்பாட பேருக்கு முன்னால என்ன போடுறது, பிள்ளை?”

அந்தப் பக்கம் அவள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“காலஞ்சென்ற எண்டு போடுங்கோ அன்ரி.”

“அம்மா இருந்தால்...”

“அம்மா இல்லைத்தானே அன்ரி. காணி உறுதி மாத்த போன வருசமே அப்பாக்கு மரணச் சான்றிதழ் எடுத்திட்டன். அம்மாக்குச் சொல்லேல்ல. அலுமாரியில என்ர சாறிக்குக் கீழ வைச்சிருந்தனான். அம்மா உடுப்பு எடுக்க வந்தாலே எனக்கு நெஞ்சு அடிக்கும். எனக்குக் களைச்சுப் போச்சு.”

நான் எந்த முகத்தோடு அவளுடன் வாதாடுவது? அவள் ஒரு கடதாசியை ஒளித்தாள், நான் ஒரு கார்டை ஒளித்தேன். அவளுக்காவது காணி இருந்தது.

உள்ளே போனேன். அச்சகக்காரர் ஒரு தாளைத் தள்ளினார்.

“எழுதித் தாங்கோ அக்கா. பிறகு பிழையெண்டு என்னோட சண்டைக்கு வருவினம்.”

எழுதினேன். ‘காலஞ்சென்ற சிவராசாவின் அன்பு மனைவியும்.’ அந்த மனுசனை நான் எழுத்தில் சாகடித்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை இங்கிலீஷில், இப்போது தமிழில்.

ஸ்கந்தபுரத்துக் களஞ்சியத்தில் இப்போது உரமூடை அடுக்கியிருக்கிறது. ரோச்சுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. உமிப் பீப்பா கறள் பிடித்து வேலிக்கரையில் கிடந்தது, அதையும் யாரோ பழைய இரும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவை போனதற்கு எனக்குத் துக்கமில்லை. உழவு மெசின் ஓடிய சிவராசா உயிரோடு இருக்கிறார் என்று அடித்துச் சொல்ல இந்த ஊரில் ஒரே ஒரு ஆள் இருந்தது. இப்போது அந்த ஆளும் இல்லை. நேற்றுப் பின்னேரம் சந்தித் தூணில் சுகந்தியின் மனுசன் அறிவித்தலை ஒட்டினான். நான் பக்கத்தில் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.