மூன்றில் ஒன்றில் நின்ற கோடு

என் பீரோக் கதவின் உட்புறம் ஒரு வரைபடத் தாள் ஒட்டியிருக்கிறது. நீலப் புள்ளிகள் சாய்வாக ஏறி, நடுவில் சற்று தூரம் படுத்துக்கொண்டு, மறுபடி ஏறும். படுத்த இடத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, எதையும் மதிக்காமல், ஒரே சாய்வாகப் போகும். புள்ளிகள் அக்கா வைத்தவை. கோடு எங்கள் ஆய்வு நெறியாளர் இழுத்தது.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை, ஆய்வில் எனக்கு மூத்தவள். அவள் ராயகிரிக்காரி, நான் சங்கரன்கோவில், ஒரே வட்டாரம். சென்னை ஆய்வுக்கூடத்தில் பேச்சைக் கேட்டே ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். அவள் எடுத்துக்கொண்ட படிகத்தில் அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் இருப்பதற்கு நேர் எதிராகத் திரும்பி நிற்பது அதன் குணம். இரண்டு எதிரெதிராக நின்றுவிடலாம், மூன்றாவது எங்கே திரும்பும்? "நம்ம சங்கரன்கோயில்ல ரெண்டு சாமி ஒரே உடம்புல சண்ட இல்லாம நிக்காவ. இங்கன மூணு பேருக்கு ஒரு முக்கோணம் பத்தலயாம்" என்று சிரிப்பாள்.

வெளியிலிருந்து காந்தப்புலத்தைக் கூட்டினால் படிகத்தின் காந்தமும் சீராகக் கூட வேண்டும். அவள் அளந்தபோது முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு அணு புலத்தோடு, ஒன்று எதிராக; எதிரானது ஒன்றைக் கழித்துவிட, மிச்சம் மூன்றில் ஒன்று. எவ்வளவு குளிரிலும் ஓயாத ஒரு நடுக்கம் அணுக்களுக்கு உண்டு, குவாண்டம் ஏற்றஇறக்கம் என்போம். அந்த நடுக்கம்தான் அவற்றை அந்த நிலையில் பிடித்து வைக்கிறது என்றாள் அக்கா. வேறு படிகங்களில் அது நடக்கலாம், இதில் நடுக்கம் போதாது, கருவிதான் சிக்கியது என்றார் நெறியாளர். சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்தப் புள்ளிகளை நீக்கினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்றார். அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எடுக்க மாட்டேன் சார். அது நிக்குது. நின்னத நின்னதுன்னுதான் எழுதுவேன்" என்றாள்.

நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் கூடத்தில் படிகத்தைக் குளிர வைக்கும் திரவ ஹீலியம் முறை வைத்துத்தான் கிடைக்கும், பங்காளிகள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி. முறை போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனாலேயே அங்கே யாரும் சந்தேகம் வந்தாலும் மறுபடி அளக்க மாட்டார்கள். கோட்டை நேராக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அக்காவின் முறை முடிந்திருந்தது. "ஏட்டி, ஒன் முறைய எனக்குத் தாரியா?" என்றாள். கொடுத்தேன். என் வேலை பிந்தினால் பிந்தட்டும் என்றிருந்தது.

முதலில் முக்கோணமில்லாத வேறொரு படிகத்தை அதே கருவியில் வைத்தாள். கருவி சிக்குவதென்றால் இதுவும் அதே இடத்தில் நிற்க வேண்டுமே. நிற்கவில்லை, நேராக ஏறிப் போனது. அப்புறம் தன் படிகத்தை வைத்தாள். மூன்றில் ஒன்றில் வந்து நின்றது. புலத்தைக் கூட்டினாள், குறைத்தாள், மறுபடி கூட்டினாள். அதே இடம்தான். நெறியாளர் கையெழுத்துப் போட்டார். அடுத்து வந்த கருத்தரங்கில் "நாங்கள் கண்டுபிடித்தது" என்று அதையே பேசவும் செய்தார்.

இந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்குச் சேலை எடுக்க பீரோவைத் திறந்தேன். தாளைப் பார்த்துவிட்டாள்.

"இன்னுமா வச்சிருக்க? சாருக்கும் வயசாயிட்டு, பாவம். எடுத்துப் போடுட்டி."

"எடுக்க மாட்டேன்க்கா" என்றேன்.