கடைசி வடலி

குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் என்னால் நிலையாக உட்கார முடிவதில்லை. பிள்ளைகள் ஓலையை ஆட்டிப் பாடிக்கொண்டு வருவார்கள். இந்த வயதிலும் என் கண் ஒவ்வொரு ஓலையின் அடியையும் தேடும், அது வெளுத்திருக்கிறதா என்று.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகும் வழியில் மாமாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. வரப்பு நெடுக அவரே கொட்டை ஊன்றி வளர்த்த இளம்பனைகள், ஆள் உயரம்கூட வராத வடலிகள். பவனிக்கு ஓலை அறுக்க அண்ணனையும் என்னையும் சனிக்கிழமை அங்கே கூட்டிப் போனார்.

"ஏலே, வெளிய தெரியுத குருத்த மட்டும் அறுங்க. உள்ள அருவாள விட்டா மரம் பட்டுப்போவும்" என்றார்.

என் ஓலையைப் பார்த்து அண்ணன் சிரித்தான். "இது என்னலே, வெளக்கமாத்துக் குச்சியா? ஆண்டவரு ஏறி வந்த கழுத இத ஒரே வாயில தின்னுட்டுப் போயிரும்."

எனக்குப் பொறுக்கவில்லை. இருவரும் கிணற்றுப் பக்கம் போனதும் கடைசி வடலியின் மட்டைகளுக்கு நடுவே அரிவாளை விட்டுக் குடைந்தேன். பாலாய் வெளுத்த அடியோடு நீளமான ஓலை கையில் வந்தது.

மறுநாள் ஞாயிறு பள்ளியில், கடவுள் முதல் மனிதனைத் தோட்டத்துக்குக் காவல் வைத்த கதையைப் பிசகாமல் ஒப்பித்தேன். பவனியில் போதகர் என்னையே முன்னால் நிறுத்தினார். மாமா என் ஓலையின் அடியைப் பார்த்தார். அந்த ஓலையில் அம்மா சிலுவை பின்னி வாசல் நிலையில் செருகினாள்.

அதன்பின் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த வரப்புக்கு ஓடிக்கொண்டே இருந்தேன். புதுக் குருத்து வரவில்லை. மட்டைகள் ஒவ்வொன்றாகப் பழுத்துச் சரிந்தன. இரவு ஜெபத்தில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டேன். மாமாவிடம் வாய் திறக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது மட்டும் தலை தானாகக் குனிந்தது.

ஐப்பசி மழைக்குப் பிறகு மாமா அந்த வடலியைத் தோண்டி எடுத்துப் போட்டார்.

"என்ன வண்டோ, குருத்தத் தின்னுட்டுப் போயிட்டு" என்று என்னைப் பார்த்தார்.

"ஆமா மாமா, வண்டுதான்."

மாமா முளைவிட்ட பனங்கொட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இந்தா மக்கா, இது ஒனக்கு." மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

தப்பித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தக் குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்து, மண்வெட்டியால் கொட்டையைப் பிளந்து, உள்ளே இருந்த வெள்ளைத் தவுனை ருசித்துத் தின்றேன். மிஞ்சிய ஓடுகளைக் குழிக்குள் எறிந்தேன்.

மாமா அதைத் தின்னத்தான் தந்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.