சாம்பிராணி காட்டிய ஓட்டைகள்

கசிவை அடைப்பதுதான் என் பிழைப்பு. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குழாய் ஃபிட்டர். நான் முடுக்கிய இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகியதாக இதுவரை எவனும் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குள் கரித்தூசி வரலாமா?

சுற்றிலும் ஆலைகள் புகை கக்கும் திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் காலையில் துடைத்த தரை மதியத்துக்குள் கறுத்துவிடும். உள்ளங்கால் கறுத்தால் கழுவிக்கொள்ளலாம். என் மனைவிக்கு வீசிங். இடுப்பில் இன்ஹேலரைச் செருகிக்கொள்ளாமல் அவள் அடுப்படிக்குக்கூடப் போகமாட்டாள் என்ற நிலை வந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது.

வழி காட்டியது வெள்ளிக்கிழமை சாம்பிராணிதான். ஜன்னலோரம் போனதும் புகை சட்டென்று உள்பக்கம் வளைந்தது. இதைவிட நல்ல கருவி வேறென்ன வேண்டும்? அவளைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்தேன். ஃபேனை நிறுத்திவிட்டுத் தூபக்காலோடு சுவர் சுவராகப் போனேன். புகை ஆடிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம். ஜன்னல் சட்டத்துக்கு ரப்பர், விரிசலுக்கு சிலிக்கான் பசை, கதவடியில் பழைய சைக்கிள் டியூப். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கென்று சமையலறைச் சுவரில் விட்டிருந்த ஓட்டைதான் பெரிய திருடன். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தகடு வெட்டி வாங்கிவந்து அதையும் மூடினேன். புகை ஆடாமல் நேராக மேலே போனது. மறுநாள் மதியம் தரையைத் துடைத்த வெள்ளைத்துணி வெள்ளையாகவே இருந்தது. அதைத் தெருவுக்கே காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்கு அவள் மிளகாய் வறுத்தாள். நெடி போக இடமில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். வாசலுக்குத் தூக்கிவந்து இன்ஹேலரை வாயில் வைத்தேன். பேச்சு வரவே கொஞ்ச நேரமானது.

"யோவ், வூட்டுல காத்து வர்ற சந்து பொந்தெல்லாம் தேடிக்கினு கெடந்தியே, நான் எங்க நின்னு சமைக்கிறேன்னு பாத்தியா?"

தொட்டியை மூடுமுன் காற்றுப்போக்கி திறந்திருக்கிறதா பார் என்று வேலையில் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றே தகட்டைப் பெயர்த்து எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். ஓடும்போது மடல் திறக்கும், நின்றால் தானே மூடிக்கொள்ளும்; தூசி நுழையாது. வேலை சுத்தம். ஃபேன் ஓடும்போது உள்ளே காற்று வர ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைக்கவும் மறக்கவில்லை.

"ரெடி, இப்ப சமை" என்றேன்.

அவள் கரண்டியை என் கையில் கொடுத்தாள். "இன்னா ரெடி? நீ நின்னு வறு. நான் பாக்குறேன்."

பதினைந்து மிளகாய் வறுத்தேன். நெடி முழுக்க வெளியே போனது. ஒரு தும்மல்கூட வரவில்லை. கூடத்து வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள், மெல்ல முந்தானையை எடுத்தாள். பிறகு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று, "கருகுது பாரு" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் இடுப்பில் இன்ஹேலர் இல்லை. அதைக் கூடத்திலேயே டிவி மேல் வைத்துவிட்டு வந்திருந்தாள்.